எருக்குவியலில் இரண்டு வெள்ளைப் புழுக்கள்

எருக்குவியலைக் கிளறும்போது சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு கண்ணில் பட்டால், தென்னை வைத்திருப்பவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். மண்வெட்டியால் ஒரு போடு, அவ்வளவுதான். அது காண்டாமிருக வண்டின் புழு என்றால் சரியான காரியம். ஆனால் அதே குவியலில், அதே நிறத்தில், அதே மாதிரி சுருண்டு கிடக்கும் இன்னொரு புழுவும் உண்டு. அது பூ வண்டின் புழு. வளர்ந்து வண்டாகி வெளியே வந்தாலும் அது தென்னங்குருத்தைத் துளைக்காது. இந்த இரண்டையும் பிரித்து, ஒன்றைக் குவியலிலிருந்து ஒழித்து, மற்றதை எரு செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்ததன் பதிவு இது. இப்போது முடிந்த எருவைச் சலித்தால் காண்டாமிருக வண்டின் பெரிய புழு எதுவும் சல்லடையில் நிற்பதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு வண்டுகளும் யார் என்று சொல்லிவிடுகிறேன். காண்டாமிருக வண்டின் அறிவியல் பெயர் ஒரிக்டிஸ் ரைனோசெரஸ். நீளம் 35 முதல் 50 மி.மீ., அகலம் 20 மி.மீ. அளவு. கறுத்த உடம்பு, தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம் என்பார்கள், ஆனால் கொம்பை மட்டும் நம்பினால் ஏமாறலாம். சின்ன ஆணுக்கும் குட்டைக் கொம்புதான். உடம்பின் பின்நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். இரவில்தான் பறக்கும்.

பூ வண்டு ப்ரோட்டேசியா பேரினத்தைச் சேர்ந்தது. 20 முதல் 25 மி.மீ. நீளம், தட்டையான முதுகு, செம்பும் பச்சையும் கலந்த மினுமினுப்பு, அதன்மேல் வெள்ளைத் தீற்றல்கள். பகலில் வெயிலடிக்கும் நேரத்தில் பறக்கும். பறப்பதைப் பார்க்கவே ஒரு வேடிக்கை: மற்ற வண்டுகள் கெட்டியான முன்னிறகை அகல விரித்துக்கொண்டு பறக்க, இது முன்னிறகை மூடியபடியே வைத்துக்கொண்டு, பக்கவாட்டு இடைவெளி வழியாகப் பின்னிறகை மட்டும் நீட்டிப் பறக்கும். இரண்டுமே ஸ்கராபேயிடே குடும்பம். சாணி உருட்டும் வண்டும் அதே குடும்பம்தான்.

வேலை தொடங்கியதற்குக் காரணம் குருத்துகள். புதிதாக விரிந்த ஓலைகளில் கத்தரியால் வெட்டிய மாதிரி 'வி' வடிவ வெட்டுகள். காண்டாமிருக வண்டு விரியாத குருத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அங்கே ஓலை இன்னும் மடிப்பாக இருக்கும்போதே மென்று சாற்றைக் குடிக்கும். மடித்த தாளில் ஒரு இடத்தில் வெட்டினால் பிரித்ததும் பல இடத்தில் வெட்டு தெரியுமே, அதே கதைதான். இன்று ஓலையில் தெரிகிற வெட்டு எப்போதோ நடந்த கடி. எனவே ஓலையைப் பார்த்து வண்டு தேடிப் பயனில்லை. மட்டை அடியில் துளை இருக்கிறதா, அதன் வாயில் மென்று துப்பிய நார் ஈரமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. வளைத்த கம்பிக் கொக்கியை விட்டு எடுத்துவிடலாம்.

எடுத்தேன். ஆனால் வண்டை எடுத்துக்கொண்டே இருப்பது முடிகிற வேலையில்லை. பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அது மரத்தில் இல்லை, கீழே எருவில் இருந்தது.

கருவிகள்

வாங்கியது கொஞ்சம்தான். 12 மி.மீ. கண் உள்ள கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்த ஒரு சல்லடை, 4 மி.மீ. கண்ணில் இன்னொன்று. தலை அகலத்தை அளக்க வெர்னியர் காலிப்பர். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். 50 செ.மீ. கம்பி உள்ள எரு வெப்பமானி. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடிகள், மூடியில் துளை போட்டது. பழைய சாக்கு ஒன்று. கிளற மண்வெட்டி வேண்டாம், பல் உள்ள வாரி எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி புழுவை இரண்டாக வெட்டிவிடும். வெட்டுப்பட்ட புழுவை வைத்து எது எதுவென்று அடையாளம் பார்க்க முடியாது.

மீன்வலை பிறகு வந்தது. செலவு என்று பார்த்தால் அந்த வலையும் வெப்பமானியும்தான் பெரியவை. மீதி எல்லாம் முதுகுவலி.

சாக்கின் மேல் நடக்கவிட்டுப் பார்த்தல்

பிரிப்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, அதிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். பூ வண்டுப் புழு முதுகால் நடக்கும்.

சாக்கை நிழலில் விரித்து, சல்லடையில் நின்ற புழுக்களை அதன்மேல் கொட்டினேன். முதலில் எல்லாம் சுருண்டு கிடக்கும். பயந்திருக்கின்றன, தொடாமல் விட வேண்டும். ஒரு நிமிடம் போனால் பூ வண்டுப் புழு சுருளை அவிழ்க்கும். அப்புறம் மெல்லப் புரண்டு மல்லாந்து படுக்கும். ஆறு குட்டைக் கால்களும் வானத்தைப் பார்க்க, முதுகுச் சதை பின்னிருந்து முன்னாக அலையடிக்க, நேர்கோட்டில் நகர ஆரம்பிக்கும். முதுகில் உள்ள கெட்டியான குறுமயிர்கள் சாக்கு இழையைப் பிடித்துத் தள்ளுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிர் வளைந்து நிமிர்வது தெரியும். கால் இருந்தும் காலைத் தொடுவதே இல்லை. கவிழ்த்துப் போட்டால் உடனே மறுபடி மல்லாந்துகொள்ளும். வேகமும் அதிகம், கவனிக்காவிட்டால் சாக்கின் ஓரத்தைத் தாண்டிவிடும்.

காண்டாமிருக வண்டின் புழு அப்படியில்லை. சுருண்டபடி பக்கவாட்டில் கிடக்கும். காலை நீட்டித் தரையைப் பற்றி இழுக்கப் பார்க்கும், கனமான வயிறு வராது, மறுபடி பக்கவாட்டில் சாயும். எருவுக்குள் இருக்கும்போது இந்தச் சுருண்ட உடம்புதான் அதற்கு வசதி, வெளியே போட்டால் திண்டாட்டம்.

வழவழப்பான தட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம். பிடி கிடைக்காமல் இரண்டுமே நெளியும், ஒன்றும் புரியாது. வெயிலிலும் வேண்டாம்.

சந்தேகமான புழுக்களுக்கு அளவு பார்த்தேன். முழு வளர்ச்சி அடைந்த காண்டாமிருக வண்டுப் புழு கட்டைவிரல் பருமன் இருக்கும். நிமிர்த்தினால் 60 மி.மீ.க்கு மேல் போகும், சில 100 மி.மீ. வரை. தலை கரும்பழுப்பு, அகலம் 10 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பூ வண்டுப் புழுவின் தலை அதில் பாதிகூட வராது. உடம்பு பின்பக்கம் போகப் போகப் பருத்து, தலை மட்டும் பொருந்தாமல் சின்னதாக ஒட்டவைத்த தோற்றம். உடம்பின் வளையங்களில் கடைசியானதன் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு லென்ஸில் பார்த்தால், பூ வண்டுப் புழுவுக்கு இரண்டு வரிசையாக முட்கள் தெரியும். மற்றதற்கு அந்த வரிசை கிடையாது, மயிர்கள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும்.

குவியலின் அடியில், மண்ணோடு சேர்கிற இடத்தில் மூன்றாவதாக ஒன்றும் வரலாம். அது வேர்ப்புழு. அதன் மலத்துளைப் பிளவு 'ஒய்' வடிவத்தில் இருக்கும். நம் இரண்டு புழுக்களுக்கும் அது குறுக்கே வளைந்த கோடு. வேர்ப்புழு உயிருள்ள வேரைத் தின்னும் ஜாதி, அதனால் அதற்கு இந்தப் பதிவில் இடமில்லை.

ஜாடியில் வளர்த்துச் சரிபார்த்தல்

முதுகால் நடந்தவை எல்லாம் உண்மையிலேயே பூ வண்டாகத்தான் வருகின்றனவா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக மனம் வரவில்லை. இரண்டு வகையிலும் சிலவற்றை ஜாடியில் போட்டேன். ஜாடிக்கு ஒரு புழு. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கடித்துவிடும், கடிபட்ட இடம் கறுத்துப் புழு செத்துப்போகும். உள்ளே 15 செ.மீ. உயரத்துக்கு மக்கிய இலையும் மரத்தூளும். ஈரம் பார்க்கக் கைதான் கருவி: பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

இங்கே கவனித்த ஒன்றுதான் மொத்த முயற்சியையும் வேறு பக்கம் திருப்பியது. புழுவாக இருக்கும் வரை இரண்டுக்கும் ஒரே உத்தியோகம். செத்த தாவரப் பொருளை நறுக்கித் தின்கின்றன. பின்குடலில் பருத்த ஒரு அறை இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்க வைத்து உடைக்கின்றன. வெளியே வருவது கெட்டியான புழுக்கைகள். பூ வண்டுப் புழுவின் புழுக்கை மிளகைவிடச் சற்று நீளம், உதிராது, நாற்றமில்லை. காண்டாமிருக வண்டின் புழுக்கை இன்னும் பெரிது; எருவாகப் பார்த்தால் அதிலும் குறையில்லை. ஒரு ஜாடியில் போட்ட மரத்தூள் முழுவதும் புழுக்கையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். குவியலில் இருக்கும்போது காண்டாமிருக வண்டின் புழு நமக்குச் செய்யும் கெடுதல் எதுவும் இல்லை. சாய்ந்து கிடக்கும் மரத்தை மண்ணாக்கும் வேலையைக் காட்டில் அதுவும் செய்கிறது. தகராறு எல்லாம் இறகு முளைத்த பிறகுதான். பூ வண்டு மகரந்தத்துக்கும் பழுத்து வெடித்த பழத்துக்கும் மரத்தில் கசியும் சாற்றுக்கும் போகிறது. போகிற வழியில் பூக்களுக்கு மகரந்தம் மாற்றுகிறது. காண்டாமிருக வண்டு உயிருள்ள பனை, தென்னைக் குடும்பத்துக் குருத்துக்குப் போகிறது.

பூ வண்டை ரொம்பவும் தூக்கிப் பேசவும் வேண்டாம். கனிந்த பழத்தைக் கூட்டமாக மொய்த்துக் குடைந்துவிடும். மென்மையான பூவிதழையும் கடிக்கும். ஆனால் அதனால் ஒரு மரம் செத்ததாகக் கிடையாது. காண்டாமிருக வண்டு வளரும் முனையைத் தொட்டுவிட்டால் தென்னை போச்சு. முனைக்குப் போகாவிட்டாலும் அது போட்ட காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். கூன்வண்டு அந்தக் காயத்தில் முட்டையிடும். அதன் காலில்லாத புழு தண்டையே உள்ளிருந்து தின்றுவிடும். வெளியில் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

கூடு கட்டுவதிலும் இரண்டும் வேறு. காண்டாமிருக வண்டின் புழு எருவுக்குள் ஒரு அறையை அழுத்தி வழித்துக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகும். பூ வண்டுப் புழு தன் புழுக்கையையும் மண்ணையும் குழைத்து முட்டை வடிவக் கூடு கட்டும். பல நேரம் ஜாடிச் சுவரையே ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளும், அதனால் உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். சலிக்கும்போது இந்தக் கூடுகளை மண்கட்டி என்று நசுக்கிவிடாதீர்கள். கூட்டுக்குள் சுருங்கி நிலைகொண்ட புழு உடைந்த கூட்டை மறுபடி கட்டுவதில்லை.

ஜாடிகளின் முடிவு சாக்குச் சோதனையோடு ஒத்துப்போனது. மல்லாந்து நடந்தவற்றிலிருந்து கொம்பு வைத்த வண்டு ஒன்றுகூட வரவில்லை.

குவியலை மாற்றிக் கட்டியது

காண்டாமிருக வண்டு சூடான குவியலில் முட்டையிடாது. சூடு தணிந்து, நன்றாக மக்கி, ஈரம் நிற்கிற எருவில்தான் இறங்கும். முட்டை பொரிய 8 முதல் 12 நாள். புழுப்பருவம் மூன்று கட்டமாக மாதக்கணக்கில் நீளும். கூட்டுப்புழு சுமார் மூன்று வாரம். அதன்பிறகும் வண்டு உடனே கிளம்பாது, ஓடு இறுகும் வரை அறைக்குள்ளேயே சில வாரம் இருக்கும். இவ்வளவு நீளமான சுற்று நமக்கு நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலை முழுவதும் பிரித்துச் சலித்தால் எந்த முட்டையும் வண்டாகி வெளியேற முடியாது. எருக்குழியை நிரப்பிவிட்டு வருடம் முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் அதற்குத் தொட்டில்.

எனவே எருவை இரண்டு கட்டமாகப் பிரித்தேன். முதல் கட்டம் சூடு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1.2 மீட்டர் வருகிற மாதிரி குவியல். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்பதில்லை. காய்ந்த இலைச் சருகு மூன்று பங்குக்குப் பச்சைத் தழையும் சாணமும் ஒரு பங்கு. சில நாளில் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்தச் சூட்டில் முட்டையும் புழுவும் பிழைக்காது. ஆனால் புழு முட்டாள் இல்லை, குளிர்ந்த வெளி அடுக்குக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கிளறும்போது வெளியில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை வெளிக்கும் மாற்ற வேண்டும். சும்மா புரட்டிப் போட்டால் சூடு வீண். 45 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு புரட்டல், புரட்டியும் சூடு ஏறாமல் போகும் வரை.

இரண்டாவது கட்டம் ஆறவைத்து மக்கவிடுவது. வண்டு வரும் கட்டம் இது. இங்கே முதலில் தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தேன். பயனில்லை. வண்டு ஓரத்து இடுக்கில் நுழைந்து அடியில் தோண்டிக்கொண்டு போய்விடுகிறது. குவியலுக்கும் காற்று போகாமல் புளித்த வாடை வந்துவிட்டது.

தீர்வு மீன்வலை. பசிபிக் தீவான குவாமில் இந்த வண்டு 2007இல் தென்பட்ட பிறகு, எருக்குவியல்களை வலையால் மூடி வண்டு பிடிக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். உள்ளே வர முயலும் வண்டும் சிக்கும், உள்ளேயிருந்து வெளியே போக முயலும் வண்டும் சிக்கும். காலில் உள்ள முட்களும் கொம்பும் மெல்லிய நைலான் இழையில் மாட்டிக்கொண்டால், உதறுகிற ஒவ்வொரு உதறலுக்கும் இன்னும் சுற்றிக்கொள்ளும்.

வலை வாங்கும்போது கண் அளவை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீன்வலையில் பெரும்பாலும் கண்ணை நீள இழுத்துப் பிடித்து எதிர்முடிச்சு வரை அளப்பார்கள். 50 மி.மீ. என்று சொல்கிற வலையில் சதுரத்தின் ஒரு பக்கம் 25 மி.மீ.தான். எனக்கு வேண்டியது அதுவே. பூ வண்டு அகலம் 12, 13 மி.மீ. அளவு, கால் முட்களும் பெரிதில்லை, கொம்பும் இல்லை. அந்தக் கண் வழியாக அது போய்வர முடியும். காண்டாமிருக வண்டு முடியாது. ஒரே வலை இரண்டையும் பிரித்துவிடுகிறது.

வலையை இறுக்கிக் கட்டினால் பலனில்லை. இறுகிய இழை காலைப் பிடிக்காது. வண்டு அதன்மேல் ஏறி நடந்துவிடும். மடிப்பு மடிப்பாகத் தளர்வாகப் போட வேண்டும். ஆனால் தளர்ந்த வலை தரையைத் தொட்டால் ஓணானும் தவளையும் மாட்டும். ஓணானை விடுவிக்கச் சின்னக் கத்தரி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பிறகு அடியில் 30 செ.மீ. உயரத்துக்கு நெருக்கமான நிழல்வலையைச் சுற்றிக் கட்டி, அதன் கீழ்ஓரத்தை மண்ணில் 10 செ.மீ. புதைத்து, மேல்ஓரத்தில் மீன்வலையைத் தைத்தேன். சிக்குவது நன்றாகக் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. வலை போட்டால் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பது கட்டாயம். அதற்கு முடியாதவர்கள் வலை போட வேண்டாம்.

புழுத்தொட்டியும் பூஞ்சைப் பெட்டியும்

பிரித்தெடுத்த பூ வண்டுப் புழுக்களுக்குத் தனித்தொட்டி. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், மூடிக்குப் பதில் கொசுவலைத் துணி. தீவனம் நொதித்த மரத்தூளும் உதிர்ந்த இலையும் உளுத்த மரத்துண்டும். கொரியாவில் ப்ரோட்டேசியா ப்ரெவிடார்சிஸ் என்ற பூ வண்டின் புழுவை இப்படித்தான் நொதித்த மரத்தூளில் வளர்க்கிறார்கள். அங்கே அது சாப்பாட்டுக்கே போகிறது. நமக்கு எரு போதும்.

தொட்டியில் காய்கறிக் கழிவைப் பச்சையாகக் கொட்டியது சரிப்படவில்லை. அது தொட்டிக்குள்ளேயே சூடேறியது, எறும்பு வந்தது, புழுக்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து கிடந்தன. பகலில் புழு மேலே வந்து கிடந்தால் அடியில் சூடோ காற்றின்மையோ இருக்கிறது என்று பொருள். இப்போது எதைப் போட்டாலும் வெளியே ஒரு சுற்று சூடேறி ஆறிய பிறகுதான் தொட்டிக்குப் போகிறது. 4 மி.மீ. சல்லடையில் சலித்தால் புழுக்கை கீழே, புழுவும் மக்காத துண்டும் மேலே. மேலே நின்றதைத் திரும்பத் தொட்டியில் கொட்டிவிடலாம். புழுக்கையை மண்ணோடு கலக்கும் முன் புழு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது வேரைத் தின்னாது என்றாலும் தொட்டிச்செடி மண்ணில் மாட்டிக்கொண்டால் அங்குமிங்கும் தோண்டிச் செடியைச் சாய்த்துவிடும்.

காண்டாமிருக வண்டின் புழுக்களில் பெரும்பங்கு சோப்புத் தண்ணீருக்கும் கோழிக்கும் போயின. சிலவற்றை வேறு வேலைக்கு எடுத்துவைத்தேன். பச்சை மஸ்கர்டைன் என்கிற மெட்டாரைசியம் பூஞ்சை இந்தப் புழுவுக்கு நோய் கொடுக்கும். எருக்குழிக்குப் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 5×10¹¹ வித்துகள். முழுக்குவியலிலும் கலந்தால் அதே உறவுக்காரனான பூ வண்டுப் புழுவையும் ஆபத்தில் தள்ளுவேன். அதனால் பூஞ்சைக்குத் தனிப்பெட்டி: அரை மீட்டர்ச் சதுரக் குழியில் உளுத்த தென்னந்தண்டுத் துண்டும் பழைய சாணமும். மேலே வலை கிடையாது, வண்டு தாராளமாக வரட்டும் என்பதற்காக. தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, இளம் தென்னைகளிலிருந்தும் தள்ளி.

வெயில் படும் இடத்தில் வைத்தபோது மேல்மண் காய்ந்து பூஞ்சை பிடிக்கவில்லை. நிழலுக்கு மாற்றி, ஈரச்சாக்கு போட்ட பிறகு பிடித்தது. நோய் பிடித்த புழுவில் முதலில் பழுப்புத் திட்டு வரும், அப்புறம் அசைவு குறையும். செத்தபின் அழுகாமல் விறைத்து நிற்கும். மேலே வெள்ளைப் பஞ்சு படர்ந்து, பிறகு அதுவே ஆலிவ் பச்சைத் தூளாக மாறும். அந்தத் தூள்தான் வித்து. அப்படியே நொறுக்கிக் குழியில் கலந்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு ஆச்சு. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்வது நல்லது.

இயற்கையில் இந்த வண்டை அடக்கி வைப்பதில் ஒரு வைரஸுக்கும் பங்கு உண்டு. தன் தாயகமான தெற்கு, தென்கிழக்கு ஆசியாவை விட்டு இந்த வண்டு 1909இல் சமோவாவுக்கு, இலங்கையிலிருந்து போன ரப்பர்க் கன்றுகளோடு போய்ச் சேர்ந்தது. அங்கே அதைத் தின்னவோ நோய் கொடுக்கவோ ஆளில்லாமல் தென்னைகள் பாழாயின. 1960களில் மலேசியாவில் அலோய்ஸ் ஹூகர் இந்த வண்டுப் புழுக்களைத் தாக்கும் வைரஸைக் கண்டறிந்தார்; 1967இல் அது சமோவாவில் விடப்பட்ட பிறகு தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குவாமுக்கு வந்த வண்டுக் கூட்டத்திடம் அந்த வைரஸ் வேலை செய்யவில்லை. அங்கே வலையும் குப்பை அகற்றலும் இவ்வளவு முக்கியமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதைய நிலையும் மாற்ற வேண்டியவையும்

புதிதாக விரியும் ஓலைகளில் வெட்டு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. என் குவியலைச் சரிசெய்தால் என் குவியலின் வண்டு மட்டும்தான் குறையும். பறந்து வருவதற்கு எல்லை கிடையாது. அதனால் இளம் கன்றுகளின் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் போடுவது தொடர்கிறது. மழை கழுவிவிட்டால் மறுபடி. வண்டை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்கலாம். ஆனால் கன்றுகளுக்கு நடுவே தொங்கவிட்டால் வருகிற வண்டில் பொறிக்குள் விழாதது பக்கத்துக் கன்றில்தான் இறங்கும். வைத்தால் ஓரத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த முறை சூடு கட்டத்தை இன்னும் பெரிய குவியலாகக் கட்டுவேன், 1.5 மீட்டர். ஓரம் என்கிற குளிர்ந்த பகுதி விகிதத்தில் குறையும், கிளறலும் ஒன்று குறையலாம். சல்லடையை 12 மி.மீ.யோடு நிறுத்தாமல் 8 மி.மீ.யும் செய்ய வேண்டும். இளம் புழுக்கள் 12 வழியாக நழுவி எருவோடு போகின்றன. ஜாடிகளில் தேதியைப் பேனாவால் எழுதியது ஈரத்தில் அழிந்துவிட்டது, பெயிண்டால் எழுதுங்கள்.

தீராமல் நிற்பது ஒன்று: சாய்ந்த தென்னந்தண்டு. எருக்குவியலைவிடப் பெரிய தொட்டில் அதுதான். உள்சோறு மெத்தென்று உளுத்து, வெளித்தோல் கூரையாக நிற்க, உள்ளே புழு வரிசையாக இருக்கும். கிளறவும் முடியாது, சூடேற்றவும் முடியாது. ஒரு மீட்டர்த் துண்டுகளாக அறுத்து, நீளவாக்கில் பிளந்து, பிளந்த பக்கம் மேலே பார்க்க வெயிலில் காயவைத்தால் வண்டு முட்டையிட விரும்பாது. அதற்கு மரம் சாய்ந்த கையோடு ஆளும் ரம்பமும் வேண்டும். இப்போது கிடக்கிற தண்டை அதுவரை வலையால் மூடலாம் என்று அளந்து பார்த்தேன். வலை 4 மீட்டர், தண்டு 9.